புதுப் பூட்ஸ் கடிக்கத்தான் செய்யும்

நம் கால்பந்துக் கிளப்பின் விழா மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், செயலாளரே. ‘ஸ்பாஞ்சும் வாளியுமாக இருபத்தைந்து ஆண்டுகள்’ என்று தலைப்பையும் நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். ஆட்டக்காரர்களின் காயத்தைத் துடைத்து, காலைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளன் நான், எனக்கு எழுத்து வராது. ஆனால் பூட்ஸைப் பராமரிப்பது பற்றி நம் ஹாக்கன்ஷா ஊரில் இந்தச் சேத்தைவிடத் தெரிந்தவன் கிடையாது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தோலுக்கு வாரம் ஒருமுறை கொழுப்புப் பூச வேண்டும். வழுக்காமலிருக்க அடியில் பதித்திருக்கும் தோல் குமிழ்கள் தேய்ந்தால் பிடுங்கிவிட்டு, புதியவற்றை மூன்று மூன்று ஆணியாக அடிக்க வேண்டும். பூட்ஸுக்குள் கால் வடிவ இரும்பு அச்சை வைத்துத்தான் அடிப்போம். அச்சில் பட்டதும் ஆணியின் முனை மடங்கிவிடும், காலைக் குத்தாது. அச்சு வைக்காமல் அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1931இல் நம் அணிக்கு இடது ஓரத்தில் ஆடியவன் வில்ஃப் டாட்டர்சால். பதினேழு வயதில் சுரங்கத்திலிருந்து கரிமுகத்தோடு வந்தவனை நான்காண்டுகளில் ஆட்டக்காரனாக்கியது நான்தான். கோடையில் ஆட்டம் இருக்காது என்பதால் மறுபடி சுரங்கத்தில் இறங்குவான். ஏறி வந்த பிறகு ஒரு மாதம் இருமுவான். முதல் டிவிஷனில் இடம் கிடைத்தால் சுரங்கத்துக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடலாம் என்று அவன் மனைவி நெல்லி ஞாயிறுதோறும் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மார்ச் மாதம், பெரிய நகரத்துக் கிளப்பிலிருந்து ஆள் எடுப்பதற்காக ஒருவர் சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறார் என்று கிளப் தலைவர் பில்லிங் சொன்னார். பில்லிங் கசாப்புக்கடைக்காரர். ஆட்டக்காரர்களையும் எடை பார்த்துத்தான் பேசுவார்.

நாம் அப்போது மூன்றாம் டிவிஷன் வட பிரிவில் கடைசிக்கு இரண்டு படி மேலே இருந்தோம். கடைசி இரண்டு இடங்களில் முடிக்கும் கிளப், ‘எங்களை லீகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மற்ற கிளப்புகளிடம் கைகட்டி நின்று ஓட்டுக் கேட்க வேண்டும். வில்ஃப் போனால் நமக்கு அந்தக் கதிதான். ஊர் மானம் ஒன்றுதான் என் கவலை. எனக்கும் இருபத்திரண்டு வயதில் ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார், பாதியிலேயே எழுந்து போய்விட்டார் என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே புதன்கிழமை, அவனுடைய புதுப் பூட்ஸில் இடது காலுக்குரிய ஒரு குமிழை மட்டும் அச்சு வைக்காமல் அடித்தேன். ஆணியும் சற்று நீளமானது. ஒரு சனிக்கிழமை அவன் நொண்டினால் போதும், வந்தவர் தேநீர் குடித்துவிட்டு ரயிலேறிவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதுப் பூட்ஸை மாட்டிக்கொண்டே வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து பழக்குவார்கள். கடிக்கிறது என்று முனகியவன் உடை மாட்டும் கொக்கியில் மறுநாள் பெண்கள் செருப்பு ஒன்று தொங்கும். சீசன் முடியும்வரை அது இறங்காது. வில்ஃப் தொட்டியிலிருந்து என்னை மட்டும் மெதுவாகக் கூப்பிட்டான்.

“அண்ணே, இடது பூட்ஸுல என்னமோ சுருக்குனு குத்துதுண்ணே.”

கழற்றி வாங்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். “ஒண்ணும் இல்லியேடா. புதுப் பூட்ஸ் கடிக்கத்தான் செய்யும். ஒனக்கும் செருப்பு மாட்டணுமா?”

“ஐயோ, வேணாம்ண்ணே. கோல்கீப்பர் பய ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நீங்க பாத்தாச்சுல்ல, போதும்.”

சனிக்கிழமை அவன் நொண்டவில்லை. அங்கேதான் என் எண்ணம் தப்பியது. முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டான். இடைவேளையில் பூட்ஸைக் கழற்றினேன். நம் காலுறை கருஞ்சிவப்பு என்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, பிழிந்தபோது தெரிந்தது. என் கோட்டுப் பையில் குறடு இருந்தது. ஆணியைப் பிடுங்க அரை நிமிடம் ஆகாது. நான் ஸ்பாஞ்சை வாளியில் நனைத்து, சென்டர் ஹாஃப் இடத்தில் ஆடியவனின் இரத்த மூக்கைத் துடைத்த அதே தண்ணீரால் அவன் பாதத்தைத் துடைத்தேன். பிறகு அதே பூட்ஸை மாட்டிவிட்டு நாடாவை நானே இறுக்கிக் கட்டினேன்.

“நல்லா ஆடுற தம்பி,” என்றேன். அது உண்மைதானே.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை கால் முழங்கால்வரை கறுத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, மைதானத்து மண்ணில் குதிரைச் சாணம் கிடந்திருக்கும் என்றார் டாக்டர். மைதானத்தைச் சமப்படுத்தும் உருளையை இழுத்துக்கொண்டிருந்த நம் குதிரையை அந்த வாரமே விற்றுவிட்டார்கள். பாவம், அது என்ன செய்தது? அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நெல்லி ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள்.

“ஒங்க கைபட்ட பூட்ஸு, சேத்தண்ணே. அவருக்கு ஒங்க பேச்சுதான் வேதம். நீங்களே வச்சுக்கங்க.”

வாங்கிக்கொண்டேன். அது வேறு யார் கையிலும் சிக்கக் கூடாதல்லவா?

பிறகு பன்றித்தொடை இறைச்சியும் தேநீரும் பரிமாறினார்கள். இறைச்சி பில்லிங்கின் கடையிலிருந்து வந்தது. அவர் வாய் நிறைய மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒனக்கு விஷயம் தெரியாதுல்ல சேத்? அவனை அவங்க முன்னாடியே ரெண்டு தடவ பாத்தாச்சுப்பா. எடுத்துக்கறோம்னும் சொல்லிட்டாங்க. இவன்தான், எங்க சேத்தண்ணனையும் கூடவே கூட்டிட்டுப் போனாத்தான் வருவேன்னு மொரண்டு புடிச்சான். அந்தச் சனிக்கெழம அவரு வந்தது ஒன்னையப் பாக்கத்தான்.”

பொட்டலத்தை என் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

“இடைவேளையில ஒன் வேலைய எட்டிப் பாத்துட்டு ரொம்ப மெச்சினாருப்பா. ‘காலு விஷயத்துல என்ன கவனம்’னாரு. முன்னாடியே சொன்னா நீ பதறிடுவேன்னு அந்தப் பயதான் யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டான்.”

செயலாளரே, அரைப் பக்கம் தாண்டிவிட்டது, முடித்துவிடுகிறேன். அந்த ஆணியை அடித்தது நான். இடைவேளையில் அதைப் பிடுங்காமல் விட்டதும் நான்தான். மறைப்பது என் சுபாவமில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அச்சு வைத்து அடித்திருப்பேனே. சொந்தத் தம்பி போலப் பழகிய பையன், என்னிடம் போய் ஒன்றை மறைத்துவிட்டான். ஏழு வருடமாகிறது. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.