துளிர்த்த கம்பங்களும் ஜுனைதாவின் பெயர்ப் பலகையும்

தலைமை நாற்காலியில் மலையென வீற்றிருக்கும் மிளகுச் சங்கத் தலைவர் சுந்தரலிங்கம் ஐயா அவர்களே! சோதனைச் சாவடி தாண்டி வஹகோட்டையிலிருந்து வந்த பெரியோர்களே! மிளகு மணக்கும் கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் புதுச்சேலை பளபளக்க அமர்ந்திருக்கும் ஜுனைதா அவர்களே! வேலம்மாவின் வணக்கம்.

மரத்தாலான நம் சங்கத்தின் புது அலுவலகத்தை வாழ்த்தச் சொன்னார்கள். வாழ்த்துகிறேன். வயிறு எரிய எரிய வாழ்த்துகிறேன்!

சிரிக்காதீர்கள் தாய்மார்களே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். உள்ளதை ஒளிக்கும் பாடம் ஆறாம் வகுப்பில்தான் போலும்!

சீமெந்து லொறிக்குக் காத்திராமல் மரத்தில் கட்டுவோம் என்றது யார்? ஜுனைதா! காற்றில் சாய்ந்த பலாவை மட்டும் அறுத்து, ஒன்றுக்கு ஐந்து கன்று நடச் சொன்னது யார்? ஜுனைதா! கறையான் ஏறாமல் கருங்கல்மேல் தூண் நிறுத்தியது யார்? மரம் அறுத்து விற்கும் மரக்காலைக்காரர் மகள், அதே ஜுனைதா! கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது ஐயா!

எனக்குக் கிடைத்தது ஒரே வேலை. மேற்கு வெயிலை மறைக்கும் பலகைத் தட்டிக்குக் கம்பம் நடுவது. காய்ந்த கம்பம் நட வேண்டியவள் என்ன செய்தேன்? நாற்பது வருடம் மிளகுக் கொடி படரக் கிளிசரிடியாக் கம்பு நட்ட கை அல்லவா? பச்சைக் கம்பாக வெட்டி, பட்டை நோகாமல், பதமாக நட்டுவிட்டது! இரண்டு வார மழை. அத்தனையும் துளிர்த்தன!

கூட வேலை செய்த இருளாண்டி விடுவானா? "என்னக்கா, ஆபிசு கட்டுறியா, மெளகுத் தோட்டம் போடுறியா?"

வெட்கத்தில் பிடுங்கப் போனேன். கையைப் பிடித்தாள் ஜுனைதா. "புடுங்க வாணாம் அக்கா. எலையே தட்டியா நிக்கட்டும். பலகையும் மிச்சம், ஃபேனும் தேவையில்ல."

அன்றிலிருந்து ஊரெல்லாம் என்ன பேச்சு? 'ஜுனைதாவின் பச்சைச் சுவர்!' நட்டவள் நான், பெயர் அவளுக்கு! அதோ மேற்குச் சுவரில் பெயர்ப் பலகை: 'வடிவமைப்பு: ஜுனைதா.'

என்ன தலைவர் ஐயா? என் பெயரையும் எழுதலாமா? வேண்டாம்! பிழைக்குக் கிடைக்கும் பெயர் வேலம்மாவுக்கு வேண்டாம்!

நாளைக் காலை அந்தப் பலகைக்கு நேர் கீழே ஒரு மிளகுக் கொடி நடுவேன். மூன்றே வருடம்! ஓர் எழுத்தும் தெரியாமல் இலை மூடும். பிறகு இதை யார் கட்டியது என்று கேட்பவர் யாரிடம் வர வேண்டும்? அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டு வேலம்மாவிடம்!

அப்போது சொல்வேன், பலகையைவிட உரக்கச் சொல்வேன்: ஜுனைதா!

அழாதே ஜுனைதா, புதுச்சேலை நனையும். பொறாமை இன்னும் தீரவில்லை.

வஹகோட்டைக்காரர்களின் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஜுனைதாவுக்கு மட்டும், ஸலாம்.