தலைவர் கேட்ட பாட்டு

அந்தச் சேரு வாணாம் தலைவரே, அதுல ஒரு காலு ஆடும். இப்பிடி இந்த ஸ்பீக்கர் பொட்டி மேலயே குந்துங்க, ஒண்ணும் ஆவாது. காத்து வரலியா? ஃபேன போட்டா அந்த சத்தம் மைக்குல ஏறிடும், அதான் நிறுத்தி வெச்சிக்கிறேன். செவுத்துல ஒட்டிக்கிறது அல்லாம் முட்டை அட்டை, வெளி சத்தம் ரெக்கார்டிங்குல வராம இருக்க. உத்திரமேரூரு பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பிரியாணிக் கடைல ஒரு வருசமா சேத்து வாங்கினது. அதுக்கு மேல பழைய மெத்தை. ஆமா, உள்ள டவர் கெடைக்காது. போனையே பாத்துக்கினு இருந்தா டவர் வந்துடுமா? பாக்கெட்ல போடுங்க. வெளிய போயி நின்னு பேசினீங்கன்னா காலனி சனம் மொத்தமும் பாக்கும், தலைவரு தேவகி வூட்டாண்ட இன்னா பண்றாருன்னு கேக்கும். அதுக்கு பயந்துதான தனியா வந்துக்கிறீங்க, வண்டியக்கூட அந்தாண்ட ஏரிக்கரையில வுட்டுட்டு.

எங்கூட்டுக்காரரு இதோ வந்துருவாரு. மைக்கு ஒயரு அந்துபோச்சு, வாங்கியார காஞ்சிபுரம் போயிக்கிறாரு. ஒரு மணி நேரமா இதையே சொல்றேன்னு எனக்கும் தெரியுது. இன்னா பண்றது, அவருக்கு ஒரு சாமான் வாங்கணும்னா நாலு கடை ஏறி எறங்கணும். அந்த ஜூஸ் பாட்டிலு சீலு ஒடைக்காததுதான், குடிங்க. டீ போட்டா தொட மாட்டீங்கன்னு தெரிஞ்சிதான் அத்த வாங்கியாந்தேன்.

முனியம்மாவுக்குப் பாட்டு. நல்லதுதான். நம்ம பஞ்சாயத்த இந்தத் தபா எஸ்சி லேடீஸ்க்குன்னு மாத்திட்டான், நீங்க நிக்க முடியாது, அதனால ஒங்க மாட்டுக் கொட்டாயில சாணி அள்ற முனியம்மாவ நிக்க வெக்கிறீங்க. நாற்காலி அவங்களுது, பேனா ஒங்களுது. மொறைக்காதீங்க, ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரம். இன்னிக்கி கடைசி நாளு, மூணுக்கு மேல நல்ல நேரம், ஒங்க ஆளுங்க அவங்கள கூட்டிக்கினு போயி நாமினேஷன் போட்டுருவாங்க. நீங்க கூட நின்னா பேப்பர்காரன் போட்டோ எடுத்துருவான், அந்த நேரத்துல பாட்டு வேலைய முடிச்சிரலாம்னு வந்துட்டீங்க. கெட்டிக்காரருதான்.

ரேட்ட அப்பால பேசலாம் தலைவரே. இந்தப் பொயப்பு எப்பிடி ஓடுதுன்னு மொதல்ல கேளுங்க, ரேட்டு ஏன் ஏறிச்சின்னு அப்பால ஒங்களுக்கே புரியும். எனக்குன்னு கம்பெனி கெடயாது, மேனேஜரு கெடயாது. டியூன் போடறது அவரு, எய்தறதும் பாடறதும் நானு. பாட்டு பண்றது கால்வாசி வேலைதான். அத்த ஜனங்க காதாண்ட கொண்டுபோயி சேக்கிறது முக்காவாசி. மொத பாட்ட எடுத்துக்கினு கௌஸ் பாய் செல்போன் கடையில போயி நின்னேன். மெமரி கார்டுல பாட்டு ஏத்த வர்றவன் நூறு பாட்டு கேப்பான், பாய் நூத்தி ஒண்ணு ஏத்துவாரு. அந்த ஒண்ணு என்னிது. கேக்காத பாட்ட ஏத்திட்டியேன்னு எத்தினி பேரு அவராண்ட சண்ட போட்டான் தெரியுமா. ஒரு ஷேர் ஆட்டோக்காரன் மட்டும் அழிக்காம வுட்டான். அவன் உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒரு நாளைக்கி ஆறு ட்ரிப்பு அடிப்பான். பள்ளிக்கூடப் பொண்ணுங்க இது யாரு பாட்டுன்னு கேக்க, அவனுக்குத் தெரில. அன்னிக்கிதான் எனக்கு புத்தி வந்துச்சு. அதுலேந்து ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் தேவகி, உத்திரமேரூருன்னு கொரல இஸ்துப் பாடி, போன் நம்பரையும் சேத்து சொல்லிருவேன்.

சிரிக்கிறீங்க. அந்த நம்பருக்கு வந்த காலுலதான் எங்க வூட்ல ஒலை கொதிச்சிது. காதுகுத்தா, கொயந்த பேரப் போட்டு பாட்டு. மஞ்ச நீராட்டா, தாய்மாமன் பேரு வரிசையா வரணும், ஒரு மாமன் பேரு வுட்டுப்போச்சின்னா விசேசத்துலயே அடிதடி. கருமாதிக்கி போட்டோ வெச்சி சோகப் பாட்டு. ஏசுதாஸ் பாஸ்டருக்கு கிறிஸ்மஸ் பாட்டு, ஆடி மாசம் அம்மன் பாட்டு. நடுவுல எனக்குன்னு நாலு பாட்டு எய்தி, நாத்து நட்டுக்கினே ரீல்ஸ் எடுத்துப் போடுவேன். சேறு காலோட பாடறாளேன்னு அதுக்குத்தான் கூட்டம் சேந்துச்சு. ரெண்டு வருசம் நாயா ஒயச்சி இருபதாயிரம் பேர சேத்தேன் தலைவரே. ஒருத்தன் சிபாரிசு கெடயாது.

அந்த நேரத்துலதான் நீங்க வந்தீங்க. போன எலெக்‌ஷன் பாட்டு ஞாபகம் கீதுல்ல? எங்க வேதகிரி அண்ணன்னு ஆரம்பிக்கும். மூணு ஆட்டோவுல பத்து நாளு ஓடிச்சு. ஒங்கள புடிக்காதவன்கூட அத்த பாடிக்கினுதான் பல்லு வெளக்கினான். முப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சீங்க. மாலையோட வந்து ஒங்க வாயாலயே சொன்னீங்க, அடுத்த ஆடிக்கு ஒனக்குத் தனிக் கச்சேரி தேவகி, மேடை என் செலவுன்னு. நான் கேக்கல. நீங்களா சொன்னீங்க.

நான் அத்த நம்பிட்டேன். ரெண்டு மாசம் வேற வேலையே பாக்கல. என் மூஞ்சி போட்டு ஃப்ளெக்ஸ் அடிச்சோம். தெனம் ஒரு ரீலு, இன்னும் முப்பது நாளு, இன்னும் இருவது நாளுன்னு. பழையசீவரத்துக்கும் ராஜகுளத்துக்கும் நானே பஸ்ஸேறிப் போயி, தெருத்தெருவா நோட்டீஸ் குடுத்தேன். திருப்புட்குழிலேந்து ஒரு மகளிர் குழு வேன் புடிச்சி வந்துச்சு. நான் கூப்ட்டு வந்த சனம் தலைவரே. அம்மனுக்கு கூழு ஊத்தற கூட்டம் வேற, இது வேற.

சாயங்காலம் அஞ்சு மணி. புதுசா ஒரு பச்ச சேலை. மேடப் படியில காலு வெக்கிறேன், ஒங்க ஆளு கைய நீட்டி மறிக்கிறான். நீங்க வந்தீங்க, சிரிச்சிக்கினேதான் வந்தீங்க. பெரியவங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க தேவகி, அம்மனுக்கு எதுத்தாப்புல மேடை, நீ பின்னால ஜெனரேட்டராண்ட நின்னு பாடு, முன்னால காஞ்சிபுரத்துப் பொண்ணு ஒண்ணு நிக்கட்டும், கொரலு ஒன்னுதுதானன்னீங்க. எந்தப் பெரியவரு? எனக்கு இன்னி வரிக்கும் ஒரு பெரியவரு பேரக்கூட நீங்க சொல்லல.

நான் பாடினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறல. மைக்க வீசிட்டு வந்திருக்கணும். வந்த சனம் ஏமாந்துருமேன்னு டீசல் பொகையில நின்னு ரெண்டு மணி நேரம் பாடினேன். அங்க கை தட்டறாங்க, அந்தப் பொண்ணு கும்புடுது. ஷீபான்னு பேரு. அது மேல எனக்கு கோவம் கெடயாது, அதுவும் கூலிக்கி வந்ததுதான். அப்பால எவனோ எடுத்த வீடியோ எட்டு லட்சம் பேரு பாத்தான். மூஞ்சி ஷீபாவுது. அந்த வருசம் எனக்கு வர வேண்டிய கல்யாணம், காதுகுத்து மொத்தமும் அதுக்குப் போச்சு. இது என் கொரலுன்னு நான் ஒரு வீடியோ போட்டேன். கீய ஒருத்தன் எய்தறான், அக்கா நீங்க ஷீபா மாதிரியே பாடறீங்க, இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணுங்கன்னு. அன்னிக்கி போன தூக்கி அடிச்சி ஒடச்சிட்டேன்.

ஒங்களுக்கு அது ஒரு நாளு விசயம். தலைவருக்கு ஆயிரம் வேலை. எங்களுக்கு அது மூணு வருசம். எங்கூட்டுக்காரரு கீபோர்ட வித்துட்டு ஒரகடத்துல செக்யூரிட்டி வேலைக்கிப் போனாரு. தாளம் போட்ட கையில குச்சிய புடிச்சிக்கினு கேட்டு தொறந்து வுடறாரு. நான் நூறு நாள் வேலைக்கிப் போனேன். ஏரியில மண்ணு வெட்டிக்கினு கீய குனிஞ்சா கண்ணுல தண்ணி வரும், வேர்வைன்னு சொல்லிப்பேன். தெனம் ராத்திரி படுத்தா ஒங்க மூஞ்சிதான். அந்த சிரிப்பு. இந்த மனுசன ஒரு நாளு நிக்க வெக்கணும், எப்பிடின்னு தெரில, ஆனா நிக்க வெக்கணும்னு. சாமி கும்புடச்சொல்லகூட வேற எதுவும் கேக்கல.

கோவப்படாதீங்க, குந்துங்க. கத முடியப் போவுது. மன்னிப்பெல்லாம் வாணாம். பாட்டு வேணும்னா வர்ற மன்னிப்ப நான் இன்னா பண்றது.

முனியம்மாவ அந்த ஏரியிலதான் எனக்குப் பயக்கம். காலைல ஒங்க மாட்டுக் கொட்டாயி, அப்பால மண்ணு வேலை. வேலையில நான் வாய்க்குள்ளயே பாடுவேன், ஏண்டி முணுமுணுன்ற, சத்தமா பாடுன்னு அதட்டுவாங்க. அப்பிடித்தான் எனக்குத் திரும்பவும் கொரலு வந்துச்சு. சேத்த கூலியில இந்த ரூம போட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு நாளு மூஞ்சி தொங்கிப்போயி வந்தாங்க. ஆதார் கார்டு, ரேசன் கார்டு, சாதி சர்டிபிகேட்டு அல்லாத்தையும் ஒங்க ஆளு வாங்கிக்கினு போயிட்டானாம். நிக்கிறியான்னு ஒரு வார்த்த கேக்கலடி, மாட்டு சந்தைக்கி மாட்ட ஓட்றா மாதிரி ஓட்றாங்கடின்னு அய்தாங்க. ஜெயிச்சா இன்னா பண்ணணும்னு கேட்டதுக்கு, நீ கம்னு குந்து, போட்டோ எடுப்பாங்க, அப்பால வந்து சாணி அள்ளுன்னீங்களாமே. அப்பிடிச் சொன்னீங்களா இல்லியா? சும்மா வெளாட்டுக்குச் சொன்னீங்க. சரி.

மணி இன்னா இப்ப? நாலே முக்காலா? அடடே, நேரம் போனதே தெரில.

எங்கூட்டுக்காரரு காஞ்சிபுரம் போகல தலைவரே. ஒயரு அல்லாம் நல்லாத்தான் கீது. முனியம்மாவ வண்டியில குந்த வெச்சிக்கினு செங்கல்பட்டுல அவங்க பொண்ணு வூட்ல கொண்டுபோயி வுட்டுட்டாரு, மதியம் சாப்பாடே அங்கதான். ஒங்க ஆளுங்க மூணு மணிலேந்து ஊரு பூரா தேடிக்கினு கீறானுங்கன்னு நெனைக்கிறேன். ஒங்களுக்குப் போன் போட்டுப் பாத்துக்கினு கீறானுங்க. நீங்க எங்க கீறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. காலனிக்கு வர்றத யாராண்டயும் சொல்லலன்னு நீங்கதான பெருமையா சொன்னீங்க.

போங்க, நான் தடுக்கல. கதவு தொறந்துதான் கீது. ஆனா கால் மணி நேரத்துல யாரப் போயி புடிப்பீங்க? ஆபீசுக்குப் போவவே இருவது நிமிசம் ஆவும். வேற பொம்பளைய நிக்க வெக்கலாம்னா சர்டிபிகேட்டு வேணும். அதுவும் போவட்டும், முனியம்மாவ எதுத்து காலனியில ஒருத்தியும் மனு போடக் கூடாதுன்னு வூடு வூடா ஆளு வுட்டு மெரட்னீங்க. நீங்க சொன்னத அல்லாரும் கேட்டாங்க தலைவரே, பாவம். இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரே ஒரு மனுதான் போட்டு கீது.

காலைல பத்தே காலுக்கு நான் போட்டேன். அஞ்சு மணிக்கு ஆபீசுல கதவ சாத்தினா போட்டியே கெடயாது.

முன்மொழியறதுக்கு ஒரு கையெய்த்து வேணும்ல, அத்த முனியம்மா போட்டாங்க. மை டப்பாவ எடுத்து வெச்சாரு அந்த ஆபீசரு. வாணாம், நான் எய்தறேன்னாங்க. ரெண்டு வாரமா இந்த ரூம்லதான் எய்திப் பயகினாங்க. முனியம்மான்னு அஞ்செய்த்து, முடிக்க நாலு நிமிசம் ஆச்சு. அது வரிக்கும் அந்த ஆபீசரு காத்துக்கினு இருந்தாரு.