எம்.எல்.ஏ. கொண்டுவந்த மாலை

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“எங்க மாமனாரு உசுரோட இருக்கயிலயே எம்.எல்.ஏ. சாவு மாலை கொண்டாந்துட்டாருக்கா.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“ஏன்டி?”

“சாவு பக்கத்துத் தெருவுல. கூட வந்த கட்சிக்காரங்க எங்க வூட்டக் காட்டிட்டாங்க. மாமனாரு கட்டில்ல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்காரு.”

“அய்யய்யோ. அப்புறம்?”

“எம்.எல்.ஏ. மாலைய முதுகுக்குப் பின்னால மறைச்சாரு. மாமனாரு சிரிச்சிட்டாரு. ‘வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. இந்த லாரிங்களப் பத்திச் சட்டசபையில பேசுனீங்களா’ன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘பேசுனேங்கய்யா. பள்ளிக்கூட நேரத்துல ஓட்டக் கூடாதுன்னு கேட்டேன். ஆனா புதுக் குவாரிங்களுக்கான மசோதா வந்தப்ப ஆதரிச்சுத்தான் ஓட்டுப் போட்டேன். கட்சி சொன்னா மீற முடியலைங்க’ன்னாரு.”

“ஒளிக்காமச் சொன்னாரே.”

“அதான்க்கா. சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு எங்க தெரியப்போவுது.”

“அப்ப இந்தத் தடவ அவருக்கா ஓட்டு?”

“அதெப்படி? எங்க வூடு எப்பவும் எதிர்க்கட்சிதான். ஆனா மாமனாரு சொல்லி வச்சிட்டாரு. ‘நான் நெசமா செத்தா மொதல்ல அவருக்கு ஆள் விடுங்க. அன்னிக்குத் திருப்பி எடுத்துட்டுப் போன மாலைய அவருதான் வந்து போடணும்’னு.”