வண்டி பார்த்துக்கொள்ளும்

என் மாமனாரைப் போல ஒரு தங்கமான மனிதரைப் பார்ப்பது அபூர்வம், சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு குறைதான். காரில் ஏறிவிட்டால் வாய் மூடாது.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, குரல் ஓயவில்லை. மாமியார் போனபின் எங்களோடு வந்துவிட்டார். முன் சீட்டில் உட்கார்ந்தாரென்றால், "இடப்பக்கம் லாரி வருகிறது. முன்னால் பஸ் நிற்கப்போகிறது. மாப்பிள்ளை கவனிக்கவும்" என்று அந்த நடைமேடைக் குரலிலேயே ஆரம்பித்துவிடுவார். பின் சீட்டில் என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்திரத்தை நம்புவது என் பிழைப்பு. லிஃப்டில் ஏறுகிறவர்கள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டா ஏறுகிறார்கள்? அதனால், சாலைக் கோடுகளுக்குள் தானே ஓடி, தானே பிரேக் போடும் இந்தக் காரை வாங்கியபோது எனக்குப் பயமே இல்லை. நடுவே தடுப்புள்ள பெருஞ்சாலையில் மட்டும்தான் தானாக ஓடவிடலாம், அங்கேயும் கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. படித்தேன். விற்றவரும் வாயால் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

முதல் முறை பெருஞ்சாலையில் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாமனாரின் அறிவிப்பு பாதியில் நின்றது.

"மாப்ள... கை?"

"வண்டி பாத்துக்கும் மாமா."

போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒரு நிம்மதி. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டேன்.

கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கார் கத்தும். ஒருவரை வாயடைத்தால் இன்னொருவரா என்று அலுப்பாக இருந்தது. மனைவி உடற்பயிற்சிக்குக் காலில் கட்டும் மணல்பட்டையை எடுத்து ஸ்டீயரிங்கில் ஒரு பக்கமாகக் கட்டினேன். கார் அதைக் கை என்று நம்பிவிட்டது. பாவம், வாயில்லா ஜீவன். இதே நான், லிஃப்ட் கதவு சென்சரை ஒயர் போட்டு ஏமாற்றிய ஒருவனை வேலையைவிட்டே துரத்தியிருக்கிறேன். ஆனால் அது வேறு, சார். லிஃப்டில் பொதுமக்கள் ஏறுகிறார்கள்.

பெருஞ்சாலை மாமனாருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. மெல்ல அறிவிப்பு திரும்பி வந்தது. அதனால் கடைத்தெருவில் முயன்றேன். அங்கே கோடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கார் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிற நாய் மாதிரி அப்படியும் இப்படியும் போயிற்று. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தக்காளியை அப்படியே போட்டுவிட்டுத் தாவிக் குதித்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மலைப்பாதை. வளைவு வந்தால் கார் தயங்கும். கடைசி நேரத்தில் நான் முழங்காலால் கொஞ்சம் ஒத்தாசை செய்வேன். இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டது நான்தான்.

வீட்டிலும் வித்தியாசம் தெரிந்தது. டிவியில் செய்தி வைக்கட்டுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வைத்தார்.

"அப்பா ஏன் இப்பல்லாம் இப்படி ஒடுங்கிப் போயிட்டாரு?" என்றாள் மனைவி.

"வயசாகுதுல்ல" என்றேன்.

வெளியே கிளம்பலாம் என்றால் முட்டிவலி என்பார். நான் விடமாட்டேன். பெரியவர்களை வீட்டுக்குள்ளேயே போட்டு அடைக்கக்கூடாது.

அன்றைக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாங்கள் இருவர் மட்டும். நல்ல சாலையிலேயே போயிருக்கலாம். பாலம் வேலை நடக்கிற சாலையில் திருப்பினேன். அங்கே பழைய வெள்ளைக்கோடு ஒரு பக்கம் போகும், புதுக்கோடு ஒரு பக்கம் போகும். முன்னொரு நாள் தனியாக வந்து பார்த்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் கார் பழைய கோட்டைத்தான் பிடிக்கும், ஓரத்துப் பிளாஸ்டிக் கூம்புகளை இடித்துத் தள்ளும். நாலு கூம்பு படபடவென்று விழுகிற சத்தம் மாமனாருக்கு ஒரு மாதத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

கூம்புகளுக்கு முன்னால் அன்று ஒரு பெண் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். பளிச்சென்ற ஆரஞ்சு மேலுடுப்பு. நல்ல வெயில், தூரத்திலேயே தெரிந்தார். பக்கத்தில் மண் அள்ளுகிறவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததால் முகம் எங்கள் பக்கம் இல்லை.

"மாப்ள, பொண்ணு நிக்குது" என்றார் மாமனார். "மாப்ள, பிரேக்கு. பொண்ணு நிக்குதுப்பா."

"வண்டி பாத்துக்கும் மாமா."

பார்த்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். பிறகு, பார்க்கவில்லை என்று தெரிந்தது. தெரிந்தபின் நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. பிரேக்கின்மேல் காலைக்கூட வைத்துவிட்டேன். ஆனால் அழுத்தினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். இத்தனை மாதமும் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். காலை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மாமனார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கை நோக்கிப் பாய்ந்தார்.

தான் கையை வைத்ததால்தான் வண்டி அந்தப் பெண்மேல் திரும்பியது, தன்னால்தான் அவர் செத்தார் என்று ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே இருந்தாராம். அது தப்பு, சார். அவர் கை ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. தொடுவதற்குள் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் நான் பிடித்துக்கொண்டேன். மோதி நிற்கும்வரை விடவில்லை. டாக்டர் பார்த்த அந்தக் கன்றிப்போன தடம் என் விரல்கள்தான்.

பெல்ட் போடாத மனிதர், அப்படிப் பிடித்திராவிட்டால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்திருப்பார். இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு தடவைகூட என்னைப் பார்க்க ஜெயிலுக்கு வரவில்லை.