பிள்ளை மாற்று

— அக்கா, ஸ்டெங்காவைக் கூப்பிடுங்க, கிளம்பணும். சாலையில தடுப்பு போடுறாங்க. சாயங்காலத்துக்கு மேல இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் செக் நாடுன்னு ஆயிடுமாம்.

— வந்ததும் வராததுமா கிளம்புறேங்கிறியே பொஷேனா! உட்காரு. உன் மக மூட்டை கட்டுறா. நீ தனியாவா வந்தே?

— உங்க பையன் ஓட்மார் பாலத்துக்கு அந்தாண்ட வண்டியில இருக்கான். உங்க ஊர்க்காரங்க என்னைப் பார்த்தாலே துப்புறாங்க. அதான் உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டு அவனைக் கூட்டிட்டு வரலாம்னு.

— அவனை யாராவது பார்த்தாங்களா?

— இல்லக்கா. ஏன்?

— சும்மாதான். சூப் இருக்கு, குடி.

— சாமி சத்தியமா இறங்காதுக்கா. எத்தனை தலைமுறை வழக்கம் இது! ஒரு வருஷம் உங்க பிள்ளை எங்க வீட்ல செக் பழகும், எங்க பிள்ளை இங்க ஜெர்மன் பழகும். நானே இந்த வீட்ல இருந்தவதானே. எனக்குப் பதிலா உங்க தம்பி எக்பர்ட் எங்கம்மா கையால சாப்பிட்டான்.

— அந்த எக்பர்ட்தான் போன வாரம் செக் பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை உடைச்சான்.

— எக்பர்ட்டா!

— இங்க பாரு, கையில அந்த ஸ்வஸ்திகா பட்டையைக் கட்டிக்கிட்டா யாரும் யாருக்கும் தம்பி இல்லடி.

— போகட்டும்க்கா. எங்களை ஒரு வார்த்தை கேக்காம பெரிய நாட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டு இந்த மலையை ஜெர்மனிக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே சண்டையே வராதாம்ல.

— நீ நம்புறியா? இந்த வருஷம் முதல்ல ஆஸ்திரியாவை விழுங்கினாங்க, இப்ப நம்மளை. இத்தாலிக்காரன் பக்கத்துல நின்னு தோளைத் தட்டிக் கொடுக்கிறான். ரேடியோவுல அவங்க தலைவன் போடுற கூச்சலைக் கேட்டியா? அது பசி அடங்கின குரலா?

— அப்ப அடுத்து?

— உன் மிச்ச நாடு. அப்புறம் யாரோ. அதுக்கெல்லாம் பசங்க வேணும்ல? ஓட்மாருக்குப் பதினஞ்சு வயசு. எக்பர்ட் அவனுக்கு அவங்க படை உடுப்பு தைச்சு ஆணியில மாட்டி வச்சிருக்கான். வளர்ற பையன்னு கொஞ்சம் பெருசாவே.

— மாட்டேன்னு சொல்லலாம்ல?

— அவங்கப்பா சொன்னாரு. இவங்க நம்மளைப் போர்லதான் கொண்டு விடுவாங்கன்னு தொழிலாளர் சங்கத்துல எழுந்து சொன்னாரு. ஜெர்மன் பட்டாளம் வந்த அன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு கேட்டா யாரும் வாயைத் திறக்கல.

— ஐயோ அக்கா. அப்ப நீங்களும் வந்துடுங்க. வண்டியில இடம் இருக்கு.

— அவர் திரும்பி வந்தா கதவைத் திறக்க ஆள் வேணாமா?

— இந்த வீட்ல ஒத்தையா?

— உன் மக பேச்சுத்துணைக்கு இருந்தா. இன்னையிலருந்து சுவத்தோடதான். பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லல.

— அதான் ஓட்மார் வந்துட்டானே! வழியெல்லாம் அம்மா அம்மான்னு ஒரே பேச்சு. உங்களுக்குன்னு காளான் பறிச்சுட்டு வந்திருக்கான். இருங்க, கூட்டிட்டு வர்றேன்.

— உட்காருடி. அவன் செக் பேசினா ஜெர்மன்காரன்னு தெரியுமா?

— எங்க ஊர் பாதிரியாருக்கே தெரியாது.

— அப்ப ரெண்டும் உன் பிள்ளைங்கன்னு சொல்லிக்கோ.

— என்னக்கா இது! எப்ப வீட்டுக்குப் போறதுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?

— வர முடியாதுன்னு சொல்லு. அவன் உங்க வீட்ல காய்ச்சல் வந்து செத்துட்டான்னு இங்க ஊரெல்லாம் சொல்லிட்டேன். நேத்து மாதா கோயில்ல அவனுக்கு இரங்கல் பூசையும் முடிஞ்சுது. எக்பர்ட்தான் எல்லாரையும் விட அதிகமா அழுதான்.