மூலையில இருந்த பொடி வரி

ஹலோ… ஹலோ, தனசேகரண்ணாவா? நான் கள்ளக்குறிச்சி ஆபீஸ்லேர்ந்து ஏஞ்சலின் பேசறேன். கம்ப்யூட்டர்ல பிளான் போடற ஏஞ்சலின்… ஆமா, ஆமா, அமலோட வூட்டுக்காரிதான். அண்ணா, அங்க மலைமேல ஹாஸ்டல் சைட்ல ஜேசிபி ஓடிக்கினு இருக்குதா?… அத நிறுத்தச் சொல்லுங்க… இல்லண்ணா, எங்க வூட்டுக்காரருகிட்ட பேசறதுக்காவ இல்ல. அவருக்குதான் மொதல்ல அடிச்சேன், எடுக்கல… குழியிலயா? ஐயோ ஏசப்பா… எத்தினி பேரு எறங்கியிருக்காங்க?…

கொஞ்சம் கேளுங்க, குறுக்க பேசாதீங்க. ஹாஸ்டல் பிளானுக்கு அடியில மலை சர்வேய, அதான் நெலம் அளந்த படத்த, இழுத்து வெச்சி, அதும்மேலதான் நான் வரையறது. அந்த சர்வே ரெண்டு இருக்குது. ரெண்டுக்கும் ஒரே பேரு. மழைக்கு அப்புறம் மண்ணுக்குள்ள கரண்ட் கேபிள் போட்டாங்களே… ஆமா, அந்த பெரிய கேபிள்தான். அது புதுசுலதான் இருக்குது, பழசுல கெடையாது. பழச வெச்சி பிளான் போட்டா குழி நேரா கேபிள்மேல வந்து விழும்… விழுந்துச்சான்னுதாண்ணா எனக்கும் தெரியல. அதுக்குதான் போன் போட்டேன்.

இப்பதான் பிளான தொறந்தேன். சர்வேயே வரல. இப்ப சொருகாத பென் டிரைவ்ல போய் தேடுது. பென் டிரைவ்ல இருந்தது பழசு… இல்ல, இல்ல, பக்கத்து சீட்டு கலையரசி கம்ப்யூட்டர்ல புதுசு இருக்குது. அவ ஒரு தாளு பிரிண்ட் எடுத்தா, நான் ஒண்ணு எடுத்தேன். உங்களுக்கு எது வந்துச்சின்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல… பார்த்தா தெரியாதுண்ணா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். சர்வே கோடுங்க மங்கலா விழும், ஜெராக்ஸ்ல சுத்தமா பூடும்… குழிக்கு முளை அடிச்சது சர்வே மிஷின் வெச்சி, நீங்க டேப் புடிச்சி பாத்தாலும் புரியாது.

தாளுக்கு கீழ, வலது மூலைய பாருங்க. சர்வே எங்கேர்ந்து வருதுன்னு தானா வந்து விழறாப்பல நான் ஒரு பொடி வரி வெச்சிருக்கேன்… ஆமா, இன்ஜினியர் சார் கூட சிரிச்சாரே, எறும்புக்கு எழுதி வெச்சியான்னு, அதான். அது இங்கிலீஷ் எழுத்து டின்னு ஆரம்பிச்சா கலையரசி கம்ப்யூட்டர், புதுசு. ஈன்னு ஆரம்பிச்சா பென் டிரைவ், பழசு. படிங்க… இன்னா?… மூலையே இல்லியா?… லேமினேஷன் பண்ணீங்களா. கவருக்குள்ள போவலன்னு ஓரத்த வெட்டிட்டானா… தெரியும்ணா, மேல பனி ஜாஸ்தி, தாளு ஊறிப் பூடும்… உங்கள தப்பு சொல்லல, சத்தியமா சொல்லல.

அப்ப மொதல்ல நிறுத்துங்க. பொறவு பேசிக்கலாம்… இன்ஜினியர் சார் சின்னசேலத்துல கல்யாணத்துல இருக்காரு, போன் ஆஃப்ல இருக்குது. அவர் சொன்னாதான் நிறுத்துவீங்களா?… ஜேசிபி வாடகை ஓடுதுன்னு எங்கிட்ட சொல்றீங்களே. அந்த குழியில என் வூட்டுக்காரரு நிக்கறாருண்ணா. நிறுத்துங்கண்ணா…

அண்ணா, ஒரு நிமிஷம். ஓரத்த வெட்டறதுக்கு முன்ன அந்த தாள போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்களா? வேல ஆரம்பிச்சா போடுவீங்களே… போட்டீங்களா? நான் அந்த குரூப்ல இல்ல, நீங்க பாருங்க. போன வெக்காதீங்க, அப்பிடியே பாருங்க… வெரல வெச்சி பெருசு பண்ணுங்க… கீழ, இன்னும் கீழ… இன்னா எழுத்து?… மூணு கோடு போட்ட எழுத்தா? நல்லா பாருங்க. ஒரு நேர் கோடு, அதுலேர்ந்து மூணு பல்லு… ஆமா. ஆமா. ஈ. அது ஈதான். ஓடுங்க. அண்ணா, ஓடுங்க…

ஹலோ… அண்ணா… சத்தம் இன்னும் கேக்குதே… நிறுத்து, ஐயோ நிறுத்து…

கலையரசி, லைன்மேன் எடுத்தாரா? கரண்ட ஆஃப் பண்ணச் சொல்லு, பேரு ஊரெல்லாம் அப்புறம் சொல்லலாம்…

ஹலோ?… சத்தம் நின்னுடுச்சி. அண்ணா, நிறுத்தினது யாரு? தானா நின்னுச்சா?… பேசுங்கண்ணா. எதனா ஒண்ணு சொல்லுங்க…

யாரு?… ஏங்க… நீங்களா? மேல வந்துட்டீங்களா?… எல்லாருமா?… அழல. நான் அழல, நீங்க பேசுங்க. திட்டறதுன்னா கூட திட்டுங்க… ஆமா, என்னோட பிரிண்ட்தான்… இன்னா செங்கல்லு?… மண்ணுக்குள்ள வரிசையாவா? யாருங்க மண்ணுக்குள்ள செங்கல்லு அடுக்கப்போறா. அது கேபிளுக்கு மேல காப்பா வெக்கிற கல்லு… எடுத்துட்டீங்களா? ரெண்டா?… கையாலயா எடுத்தீங்க…

இல்ல, ஒண்ணும் இல்ல. இருக்கேன். கேக்குது. அங்கயே நில்லுங்க, லைன்மேன் வர்ற வரைக்கும் யாரும் கிட்ட போவாதீங்க… கடப்பாரையா? எங்க?… அந்த கல்லு சந்துலயே நட்டுட்டு வந்துட்டீங்களா… கூட வேல செய்யற பச்சமுத்து அண்ணனுதுன்னா இன்னா, கெடக்கட்டும். புதுசு வாங்கிக் குடுக்கலாம்… அத எடுக்க யாரு எறங்கறாங்க? நீங்களா?… ஏங்க, வாணாம். கரண்ட் இன்னும் ஆஃப் ஆவல. கேக்குதா? இன்னும் ஆஃப் ஆவல… ஹலோ… எறங்காதீங்க… ஏங்க… ஹலோ…