கிளம்பிட்டேன், கீழ வந்து நில்லு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்ற விஷயம் இல்ல இது... நம்ம நெட்டையனோட சித்தப்பாவுக்கு நடந்தது.

பொழுது சாயுற நேரம். அந்த ரோட்டுல ஒரு பக்கம் சித்தப்பா வேலை பார்த்த கம்பெனி. எதிர்ப்பக்கம் அதே கம்பெனியோட பழைய குடோன், மூடிக் கிடக்கு. நடுவுல எப்பவாவது ஒரு லாரி போகும். மத்தபடி ஈ காக்கா கிடையாது.

கம்பெனியில மெயில் சர்வரைப் பார்த்துக்கிறது சித்தப்பாதான். ஒருநாள் சர்வர் டிஸ்க் படுத்துருச்சு. பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டு ஒருவழியா ஓட விட்டாரு. மறுநாள் பார்த்தா... என்னைக்கோ போன மெயிலெல்லாம் திரும்பப் போக ஆரம்பிச்சிருச்சு. ரிட்டயர் ஆன மேனேஜர் "நாளைக்கு மீட்டிங், லேட்டா வந்தா தொலைச்சிருவேன்"னு மிரட்டுறாரு. பேரன் பேத்தி எடுத்தவருக்குக் கல்யாண வாழ்த்து வருது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு.

கணக்குப் பிரிவு அக்கா மட்டும் சிரிக்கல.

அவங்க வீட்டுக்காரர் அந்த எதிர் குடோன்லதான் வேலை பார்த்தாரு. உள்ள போன் கொண்டுபோகக் கூடாது. அதனால தினமும் வேலை முடிஞ்சதும் குடோன் கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு மெயில் போடுவாரு. "கிளம்பிட்டேன், கீழ வந்து நில்லு." அவ்வளவுதான். இந்தம்மா இறங்கிப் போய் கேட்டுக்கிட்ட நிப்பாங்க, அவரு பைக்ல வந்து ஏத்திக்கிட்டுப் போவாரு. ஒருநாள் அப்படித்தான் நின்னிருக்காங்க... அவரு பைக்ல ரோட்டைக் கடக்கும்போது லாரி அடிச்சு, அங்கயே உயிர் போயிருச்சு. இவங்க கண்ணு முன்னாடியே.

இப்ப அந்த மெயிலும் வருது. தினமும் சாயங்காலம். அக்காவும் தினமும் கீழ போய் நிக்கிறாங்க.

சித்தப்பாவுக்கு மனசு கேக்கல. ராத்திரி பகலா உட்கார்ந்து தேடி, கோளாறைப் பிடிச்சுட்டாரு. அனுப்பி முடிச்ச மெயிலை, அனுப்பாததுன்னு நினைச்சு சர்வர் மறுபடி தள்ளிவிடுது. எல்லாத்தையும் துடைச்சுச் சரி பண்ணிட்டு, அக்காகிட்டப் போய்ச் சொன்னாரு.

"அக்கா, இனிமே வராது. அதெல்லாம் பழைய மெயில்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க. "பழசு இல்ல தம்பி."

"என்னக்கா சொல்றீங்க?"

"நேத்து புதுச் செருப்பு போட்டுட்டு வந்தேன். இதப் பாரு."

ஸ்கிரீனைத் திருப்பினாங்க. "கிளம்பிட்டேன், கீழ வந்து நில்லு. செருப்பு நல்லா இருக்கு."

சித்தப்பா அங்க நிக்கல. ஓடிப் போய் சர்வர்ல தேடினாரு. மெயில் வந்தது குடோன் கம்ப்யூட்டர்ல இருந்துன்னு காட்டுது. குடோனுக்குக் கரண்டே கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டதே அவருதான்.

அன்னைக்குச் சாயங்காலம் நல்ல மழை. மத்தவங்க எல்லாரும் போயாச்சு. அக்கா மட்டும் அவங்க சீட்ல... தலையை வாரிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. சித்தப்பா பொறுக்க முடியாம சர்வர் ரூமுக்குப் போனாரு. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாரு. அதுவும் பத்தாதுன்னு சர்வரோட மெயின் சுவிட்சையே அணைச்சாரு. ஃபேன் சத்தம் மெதுவா அடங்குச்சு... ஊஊ...ன்னு. அப்புறம் எந்தச் சத்தமும் இல்ல. மழை மட்டும்.

அந்த அமைதியில, ஹாலுக்கு அந்தப் பக்கம் இருந்து...

டிங்.

ஓடினாரு. அக்கா சீட்ல ஆள் இல்ல. ஸ்கிரீன்ல புது மெயில். இந்தத் தடவை 'கிளம்பிட்டேன்' இல்ல.

"வந்துட்டேன்."

குப்புனு ஒரு வாடை. ரப்பர் தீஞ்ச வாடை, பெட்ரோல், மழையில நனைஞ்ச சட்டை... எல்லாம் கலந்து. கீழ ரெண்டு தடவை ஹாரன் சத்தம். பீப்... பீப். ஜன்னல்கிட்ட ஓடிப் போய்ப் பார்த்தாரு. அக்கா கேட்டை நோக்கி நடந்து போறாங்க.

"அக்கா! போகாதீங்க! அக்கா!"

கத்துறாரு, சத்தம் வெளிய போகல. கண்ணாடியெல்லாம் மழைத்தண்ணி. கையால துடைச்சுப் பார்க்கறதுக்குள்ள கேட் திறந்து கிடக்கு. அக்காவைக் காணோம்.

படியில விழுந்து எழுந்து கீழ ஓடினாரு. வாட்ச்மேன் வேலைக்குப் புதுசு. சாவகாசமா கேட்டைச் சாத்திக்கிட்டு இருக்காரு.

"அந்த அக்கா எங்க?"

"அவங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு சார். ஹாரன் அடிச்சாரு, திறந்து விட்டேன்."

"மூஞ்சியப் பார்த்தியா?"

"ஹெல்மெட் போட்டிருந்தாரு சார். நல்லா நனைஞ்சிருந்தாரு பாவம்... ஹெல்மெட்டுக்குள்ள இருந்துகூட சொட்டிக்கிட்டு இருந்துச்சு."

அதோட சரி. அக்கா வீட்டுக்குப் போகல. போலீஸ் தேடுச்சு, சொந்தக்காரங்க தேடினாங்க, குடோன் பூட்டை உடைச்சு உள்ளயும் பார்த்தாங்க. ஒண்ணும் கிடைக்கல. சித்தப்பா அந்த வாரமே வேலையை விட்டுட்டாரு. இன்னைக்கு வரைக்கும் கம்ப்யூட்டர்ல கை வைக்கிறது கிடையாது.

கேமராவா? இருந்துச்சு. போலீஸ் அவரைப் பக்கத்துல உட்கார வச்சுத்தான் போட்டுக் காட்டினாங்க. அதுல பைக்கே இல்ல. அக்கா கேட்டுக்கிட்ட நிக்கிறாங்க... சேலையை ஒதுக்குறாங்க... ஒருக்களிச்சு உட்காருறாங்க. காத்துல. கால் தரையில படல. ஒரு கை முன்னாடி நீண்டு, யாரோ தோளைப் பிடிச்ச மாதிரி இருக்கு. அப்படியே மெல்ல நகருறாங்க.

கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி ஒரு நொடி அப்படியே அந்தரத்துல நின்னு, தலையைத் தூக்கி மேல பார்க்கிறாங்க. சித்தப்பா நின்ன ஜன்னலை. பார்த்துச் சிரிச்சுட்டு... கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உட்காருறாங்க.

பின்னாடி இன்னொருத்தருக்கு இடம் விட்டு.